வீட்டில் ஏற்றக் கூடாத விளக்கு

நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுத வந்ததற்கு அம்மன் பக்தர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும்மா, என் பேரை மட்டும் போடாத" என்றாள்.

நாங்கள் ஈஜிபுராவில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அவள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்த்தாள். போன வருடம் ஆடி மாதம், கூட வேலை செய்தவன் ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்துவிட்டான். அவளே போலீசில் புகார் கொடுத்தாள். அவனைப் பிடித்தார்கள். கேஸ் நடக்கிறது.

அதற்குப் பிறகு அவள் வாசலைத் தாண்டவில்லை. ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம்கூட போனில்தான் பேசினாள். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. சோறு வடிப்பேன், பாத்திரம் கழுவுவேன். கை தானாக வேலை செய்யும்.

அவளைத் தனியே விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போக முடியவில்லை. வெள்ளிக்கிழமை ராகுகாலத்தில் அம்மனுக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றுவது நின்றுபோனது. வீட்டிலேயே ஏற்றலாமா என்று பக்கத்து வீட்டு செல்வி அக்காவிடம் கேட்டேன்.

"வீட்ல ஏத்தக் கூடாதுடி. எங்கிட்ட குடு, பாப்பா பேர்ல நான் ஏத்துறேன்."

வாராவாரம் பழத்தை அறுத்து, சாறு பிழிந்து, தோலைத் திருப்பிக் கிண்ணம்போல் செய்து கொடுப்பேன். தாயே, அவள் ஒரு தடவை வாசலைத் தாண்டட்டும். அதற்கு மேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மகள் என் பின்னால் வந்து நின்றாள்.

"யாருக்கும்மா இது?"

"உனக்குத்தான். செல்வி அக்கா ஏத்துவாங்க."

"எனக்கு எதுக்கு அவங்க ஏத்தணும்? நானே ஏத்துறேன்."

"வீட்ல ஏத்தக் கூடாதே."

கொஞ்ச நேரம் பழத்தையே பார்த்தாள். "என் செருப்பு எங்க?" என்றாள்.

செருப்பில் தூசி படிந்திருந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டாள். தெரு முழுக்க என் முந்தானையைப் பிடித்தபடி வந்தாள். கோயிலில் செல்வி அக்கா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வா பாப்பா. உங்கம்மா திருப்புற தோல் பாதி கிழிஞ்சுதான் வருது, எண்ணெய் எல்லாம் ஒழுகுது. இனிமே நீயே பண்ணு."

மகள் லேசாகச் சிரித்தாள். விளக்கை அவளே ஏற்றினாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போது டாக்டரம்மாவிடம் நேரில் போகிறாள். நான் கேட்டதை அம்மன் கொடுத்தாள். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருந்தால், அம்மனிடம் கேளுங்கள். சின்னதாகக் கேட்டாலும் போதும்.

கோயிலுக்குப் போய் வந்த மறுநாள் அவள் வெளியே போகவில்லை. நேரம் கழித்து எழுந்தாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது. தோசை கேட்டாள். மாவு புளித்திருந்தது. ஊற்றிக் கொடுத்தேன்.