யாருடைய இடது?

சூடேறிய பிரேக்கின் கருகல் வாடை எங்கே வந்தாலும், மும்பை போகும் வழியில், நிக்டி என்ற ஊரில் பார்த்த அந்தத் தமிழ் மெக்கானிக் இடது கையைத் தூக்கியபடி எனக்குள் நடக்கத் தொடங்கிவிடுவார்.

அவர் பட்டறைக்குப் போன நாளுக்கு மறுநாள், ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியை மழையில் வழுக்கும் மலைச்சாலை வழியே மும்பையிலுள்ள தாய்வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். வேறொரு பட்டறையில் சக்கரத்துக்குப் புது சென்சார் போட்டும், பிரேக் கோளாறைக் காட்டும் காரின் ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை.

அவர் ஸ்கேனரைச் செருகினார். பின்பக்க இடது சக்கரம் என்றது திரை. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இடது கையைத் தூக்கினார்; இறக்காமலே இறங்கி, கை காட்டிய பக்கத்துப் பின்சக்கரம்வரை நடந்தார். அங்கே பழைய சென்சார். புதியது வலப்பக்கத்தில்!

“அந்தப் பட்டறைக்காரன் வண்டிக்கு எதிர்ல நின்னு மாட்டிருக்கான் சார். அது அவனோட இடது.”

இடப்பக்கமும் புதியது போட்டு ஓட்டிப் பார்த்ததும் விளக்கு அணைந்தது. என் கலக்கம் அணையவில்லை; மனைவியோடு போகும் பயணத்தைச் சொன்னேன். கதவைச் சாத்துகையில் குனிந்து சொன்னார்:

“தங்கச்சியோட மலை எறங்கறப்ப இடது ஓரமாவே போங்க. உங்க இடது, சார்!”