பங்கு பிரித்த நாவல்

எம்.ஏ. தமிழில் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் முதல் நாள் வகுப்பறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். நானும் கூச்சமே இல்லாமல் உட்காரச் சொல்லிவிட்டு, இரண்டாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். அன்றிலிருந்து வகுப்புக்கே நான் அக்கா. பாடம் நடத்திய மேடம் என்னைவிட இளையவர். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், வெகுநாள்வரை 'நீங்க' என்று சொல்லிக் கையை நீட்டியே சமாளித்தார்.

பி.ஏ.வை நான் அஞ்சல் வழியில் படித்தவள். கல்லூரி என்றால் எனக்குத் தபால்காரர் கொண்டுவந்து போடும் காகிதக் கட்டுதான். அதனால் கேண்டீன், மணி அடித்ததும் வரும் சத்தம், பின் பெஞ்சின் குசுகுசு எல்லாமே எனக்குத் திருவிழாவாக இருந்தன. ஒரு நாள்கூட லீவு போட மனசு வராது.

மேடம் நவீனத்துவம் நடத்தும் வகுப்புகள் எனக்கு உயிர். மனிதன் மனசு நேர்கோட்டில் போவதில்லை, கதை மட்டும் ஏன் நேர்கோட்டில் போகவேண்டும் என்று கேட்பார். காலம் உடையும், காரணம் பின்னால் வரும், முடிவு முடியாமல் நிற்கும், மிச்சத்தைப் படிக்கிறவன்தான் கூட்டிச் சேர்க்கவேண்டும் என்பார். மற்றப் பிள்ளைகள் குறிப்பெடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. களத்தில் மக்காச்சோளம் காயப்போட்டு ஆடு விரட்டிக்கொண்டிருக்கும்போது என் மனசு, கல்யாணத்தன்றைக்குக் கூறைப்புடவை நழுவியதில் போய் நிற்கும், அங்கிருந்து ராத்திரிக் குழம்புக்குத் தாவும். நாற்பது வருடமாக நான் நவீனத்துவத்தில்தான் இருந்திருக்கிறேன், பெயர்தான் தெரியவில்லை.

இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டபோது, புதிதாக வந்திருந்த ஒரு கல்லூரி நாவலைச் சொன்னேன். விடுதியில் ஒரே அறையில் தங்கும் இரண்டு பெண்களின் கதை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். எனக்குக் கிடைக்காத இருபது வயதை அதிலாவது பார்த்துவிட ஆசை. மேடம் உதட்டைப் பிதுக்கினார்.

"அது பொழுதுபோக்கு. சிரிக்கலாம், அழலாம், மூடி வெச்சிடலாம். அதுல போயி நவீனத்துவத்த தேடினா ஒண்ணும் கெடைக்காது. நீங்க கனமா ஒண்ணு எடுங்க."

"தேடிப் பாத்துட்டு சொல்றேனே மேடம்."

வாய் கொடுத்தாயிற்று. துறைக் கருத்தரங்கில் அந்த நாவலைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கவேண்டும், கட்டுரை தேறினால் ஆய்வேடு என் இஷ்டம், தேறாவிட்டால் அவர் சொல்லும் தலைப்பு என்று முடிவானது. அவர் மனதில் வைத்திருந்தது ஓர் இலக்கண உரை. அதை எடுத்தால் ஒரு வருடம் முழுக்கக் கொட்டாவிதான் விடுவேன் என்று எனக்குத் தெரியும்.

நூலகத்தில் அந்த நாவல் ஒரே ஒரு பிரதி இருந்தது. நான் எடுப்பதற்குள் எங்கள் வயலில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்க ஆள் கிடைத்துவிட்டது. ஆள் கிடைக்கும்போது பிடுங்காவிட்டால் அப்புறம் கிழங்கோடு நாமும் மண்ணில் கிடக்கவேண்டியதுதான். ஒரு வாரத்துக்கும் மேல் கல்லூரிப் பக்கம் போகவில்லை. திரும்பிப் போன அன்றைக்கு, என் பக்கத்தில் உட்காரும் வெள்ளிமலைப் பெண் பையிலிருந்து ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள். அவள் தினமும் மலைப்பாதை பஸ்ஸில் இறங்கி வந்து படிப்பவள். வீட்டில் சாமை விதைப்பு, அறுப்பு என்றால் அவளும் காணாமல் போவாள். அதனால் வராதவர்கள் கஷ்டம் அவளுக்குத் தெரியும்.

"ஒனக்காகத்தான் எட்துகினு வந்தேன்க்கா. காசு கம்மியாவட்டும்னு ஒரு தாளுக்கு ரெண்டு பக்கமா போடச் சொன்னேன். அடியில கொஞ்சம் வெட்டிக்கிச்சு."

அடியில் வெட்டிக்கொண்டது பக்க எண். அதை அப்போது யார் கவனித்தார்கள். அத்தியாயங்களுக்கும் எண் கிடையாது, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னப் பூ மட்டும்தான்.

அன்றைக்கு மாலையே களத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்திலேயே ஒருத்தி விடுதி மொட்டைமாடியில் அழுதுகொண்டிருந்தாள். எதற்கு அழுகிறாள், யார் மேல் கோபம், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கொஞ்ச நேரத்தில் அவளே பெட்டியும் கையுமாக முதல் நாள் கல்லூரிக்கு வந்து இறங்கினாள். அதற்குப் பிறகு பல வருடம் கழித்து ஒரு கல்யாண மண்டபம், சண்டை போட்ட தோழிகள் கட்டிப்பிடித்துச் சமாதானம். அதன் பிறகு மறுபடி கல்லூரி. அந்த இரண்டு பெண்களும் ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்து எதற்கோ சிரிக்கிறார்கள். ஒருத்தி எழுந்து, நாளைக்குப் பார்க்கலாம் என்கிறாள். அவ்வளவுதான் நாவல்.

சமாதானத்தைச் சொல்லிவிட்டு, அதற்குமேல் போகாமல், ஒன்றுமே நடக்காத ஒரு மத்தியான டீயில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் எழுத்தாளர். என்ன தைரியம் என்று எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் சாக்கோடு வந்து நின்றார்.

"இன்னா ஆச்சு? எதுக்கு அழுவுற?"

"ரெண்டு பொண்ணுங்க டீ குடிக்குதுங்க."

"அதுக்கு நீ இன்னாத்துக்கு அழுவுற? ஒனக்கும் வேணும்னா போயி போட்டுக்கினு வா, எனக்கும் சேத்து."

கட்டுரையை வெறி பிடித்ததுபோல் எழுதினேன். உடைந்த காலம், ஒளித்து வைத்த காரணம், முடியாத முடிவு. மேடம் வகுப்பில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நாவலில் ஓர் இடம் இருந்தது. கருத்தரங்கன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மேடம் முன்வரிசையில். வாசிக்க வாசிக்க அவர் புருவம் ஏறியது, பிறகு தலை லேசாக ஆடத் தொடங்கியது. அந்த நாவலை அவர் படித்ததில்லை என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கேள்வி நேரத்தில் சின்னசேலத்திலிருந்து வரும் பையன் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"அக்கா, நல்லா இருந்துச்சு. ஆனா அந்த மொட்டமாடியில அழுவுறது மூணாவது பங்குங்க. அது என் பங்கு."

"பங்கா? இன்னா பங்கு?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த வாரத்தில் அந்த ஒற்றைப் பிரதிக்கு வகுப்பில் அடிதடி நடந்திருக்கிறது. பசை விட்டுப்போன புத்தகம், இழுத்த இழுப்பில் நாலாக வந்துவிட்டது. எல்லாம் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். நிலம் பிரிப்பதுபோலச் சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டு, படித்து முடித்ததும் பங்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். வெள்ளிமலைப் பெண், எல்லாரும் மாற்றிப் படித்து முடித்தபின் எந்தப் பங்கு முதலில் திரும்பி வந்ததோ அந்த வரிசையிலேயே ஜெராக்ஸ் எடுத்து எனக்கு அடுக்கிவிட்டாள். சரியான வரிசையில் அந்த நாவல் முதல் நாளில் ஆரம்பித்து, டீ குடித்து, சண்டை போட்டு, கல்யாண மண்டபத்தில் கட்டிப்பிடித்து முடிகிற சாதாரணக் கதை.

அரங்கம் குலுங்கியது. வெள்ளிமலைப் பெண் மேஜைக்கடியில் ஒளிந்துகொள்ள இடம் தேடினாள். எனக்கு முகம் சுட்டது. இலக்கண உரை கண்முன்னால் வந்து நின்றது. ஆனால் அந்த டீயை நினைத்ததும் எனக்கே சிரிப்பு பீறிட்டுவிட்டது. மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நான் சிரித்ததும் மேடமும் சிரித்துவிட்டார்.

"அப்ப நீங்க சொன்ன நவீனத்துவம் எழுத்தாளர் செஞ்சதில்ல. ஜெராக்ஸ் கடையில நடந்தது" என்றார் மேடம்.

"ஆமாங்க மேடம். ஆனா அந்த டீயை எழுதினது அவருதான். நடுவுல இருந்துச்சுன்னா நானும் தாண்டிப் போயிருப்பேன். கடைசில இருந்ததால நின்னுட்டேன். உங்கள்ல யாராவது அந்த எடத்துல நின்னீங்களா?"

ஒருவரும் கை தூக்கவில்லை. கல்யாண மண்டபத்தை முதலில் படித்த வெள்ளிமலைப் பெண் மட்டும், சமாதானம் ஆகிவிடுவார்கள் என்று தெரிந்திருந்ததால் சண்டை தனக்குச் சண்டையாகவே படவில்லை என்று மெல்லச் சொன்னாள்.

"படிக்கிறவன்தான் கூட்டிச் சேக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன். அதற்குமேல் பேச நான் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகப் பேசியது. "எனக்கும் கல்யாணம் மொதல்ல வந்துச்சு மேடம். அப்புறம் புள்ளைங்க. காலேஜு இப்பதான். நானே பைண்டிங் மாறினவதான். நேரா அடுக்கி வெச்சிருந்தா இருபது வயசுல இந்த கேண்டீன் டீயை நான் கவனிச்சே இருக்கமாட்டேன்."

மேடம் எழுந்து மேடைக்கு வந்தார். ஸ்பைரல் கட்டை என் கையிலிருந்து வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கும்போது அதன் ஓரங்களில் பென்சில் கோடுகள் இருந்தன.

"நேரா ஒரு தடவ படிச்சேன். உங்க வரிசைல ஒரு தடவ படிச்சேன்" என்றார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எழுதுங்க. இலக்கண உரைய வேற யாருக்காவது குடுத்துக்கறேன்." போகத் திரும்பியவர், "அந்த டீ எடத்துல நானும் நின்னேன்க்கா" என்றார்.

ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாக என்னைக் கூப்பிட அவருக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலம் வெள்ளிமலைப் பெண்ணை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்குப் போனேன். பால் தீர்ந்துவிட்டது, ஒரு டீதான் வரும் என்றார் கடைக்காரர். அதையே இரண்டாக ஊற்றச் சொன்னோம். பஸ்ஸில் போகும்போது பங்குகளைக் காற்று அடித்துக்கொண்டு போகாமல் மடியில் வைத்து அமுக்கிக்கொண்டு படித்த கதையை அவள் சொன்னாள். அடுத்த நாவலைத் தானே நாலாகக் கிழித்துத் தருவதாகவும் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் டீ புடவையில் கொட்டியது. மலை பஸ் ஹாரன் அடித்தது. அவள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

"நாளிக்கி பாக்கலாங்க்கா."

என் நாவல் முடிந்த வரியைத்தான் சொன்னோம் என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. ஓடிப்போய்ப் படியில் ஏறிக்கொண்டாள். நான் ஏறவேண்டிய சின்னசேலம் பஸ் வந்து, எனக்காக ஹாரனும் அடித்துவிட்டுப் போனது. நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.