ஐம்பத்திரண்டு வரிகள்

பித்தளை விளிம்பு போட்ட பூதக்கண்ணாடி ஒன்று என் மேஜையில் இருக்கிறது. விளிம்பில் மூன்று கீறல்கள், கைப்பிடியில் ஒரு மைக்கறை. சர்வே அண்ணாச்சி காலமான பதினேழாம் நாள் அவர் மனைவி அதை என்னிடம் கொண்டுவந்து தந்தார். "ஒங்களுக்குக் குடுக்கச் சொன்னாவ" என்றார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் ஒரு நூலகத்தின் பட்டியல் பிரிவில் வேலை பார்த்தேன். அண்ணாச்சி நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர், நாஞ்சில் நாட்டுக்காரர், என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர். பக்கத்திலுள்ள விழிஞ்ஞத்தை ஒட்டிய கடற்கரையைத் தன் ஆசைக்காகப் படமாக வரைந்துகொண்டிருந்தவர், பழைய கிரேக்க மாலுமி ஒருவர் இந்தப் பக்கத்துத் துறைகளைப் பற்றி எழுதியிருப்பதை எங்களிடமிருந்த இரண்டு ஆங்கில மொழிபெயர்ப்புகளில் படித்தார். இரண்டும் ஒரே துறையை வெவ்வேறு இடத்தில் கொண்டு வைத்தன. அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அளந்தவனின் குறிப்பைத் தன் கண்ணால் பார்க்காமல் எந்தக் கோட்டுக்கும் மை போடமாட்டார்கள். "எவனோ சொன்னான்னு நான் மை போட முடியாதுவே. அந்த ஆளு எழுதினத நானே பாக்கணும்" என்றார். அந்த மாலுமி எழுதியதில் எங்களுக்கு வேண்டியது எட்டுப் பக்கம். அதன் கிரேக்க மூலம் நூலகத்திலேயே இருந்தது. மொழிதான் தெரியாது.

நாளும் அதிகமில்லை. அண்ணாச்சியின் இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. கூடினால் இரண்டு வருடம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதை அவர் வெளியூருக்கு மாற்றலாவதைச் சொல்வதுபோல என்னிடம் சொன்னார்.

கிரேக்க இலக்கண நூல் ஒன்று வாங்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். இரண்டு நூல்கள் அகப்பட்டன. எங்கள் நூலகர் மலையாளி, "படிக்க ஓராளு, புஸ்தகம் ரெண்டோ? ஒண்ணு மதி" என்று சிரித்துவிட்டு, போதுமான அந்த ஒன்று எது என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் தலையில் வைத்தார். புத்தகக்காரர்கள் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு மாதிரிப் பக்கம் அனுப்பியிருந்தார்கள். நான் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். தடித்த நூலில் எழுநூற்று எண்பத்துநான்கு பக்கம். மெலிந்ததில் இருநூற்று அறுபத்தெட்டு. தடித்ததன் மாதிரிப் பக்கத்தில் ஐம்பத்திரண்டு வரி, மெலிந்ததில் முப்பத்துநான்கு. பக்கத்துக்குப் பதினெட்டு வரி கூடுதல் என்று எழுதி அதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்.

அண்ணாச்சி மெலிந்த நூலின் தாளைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். "இது கண்ணுக்கு ஆறுதலா இருக்குவே" என்றார்.

"நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தா இதுல விடை இருக்காது அண்ணாச்சி. அப்போ எங்க போவீய?"

"எண்ணி முடிச்சாச்சுல்லா? பின்னே என்ன. விழிஞ்ஞத்துல மணலு எத்தனன்னும் ஒருநாள் சொல்லிப்போடும்" என்று சிரித்தபடி தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

தடித்த நூல் கப்பலில் வந்து சேர ஏழு மாதம் ஆயிற்று. மீதி பதினேழு மாதம் என்று அதையும் கணக்கிட்டேன். மாதிரித் தாள் இரண்டும் ஒரே அளவு. அதே தாளில் ஐம்பத்திரண்டு வரி அடங்க வேண்டுமானால் எழுத்து எவ்வளவு சிறுத்திருக்க வேண்டும் என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை. வரிகளை எண்ணியது என் கண். படிக்கப்போகிற கண் வேறு.

அந்த நூலை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. சனிக்கிழமை பிற்பகலிலும் ஞாயிறு காலையிலும் ஜன்னலோர மேஜையில் பூதக்கண்ணாடியோடு உட்காருவார். எழுத்துகளின் தலைமேல் ஈர் போல ஒட்டியிருந்த குறிகள் அவருக்குத் தெரியவில்லை. கழித்துப்போட்ட வரைபடத் தாள்களின் பின்புறத்தில், பக்கம் பக்கமாகப் பெரிய எழுத்தில் பெயர்த்தெழுதத் தொடங்கினார். எழுதியதைப் படிக்க முடிந்தது. ஆனால் எழுதுவதிலேயே கண் தீர்ந்துகொண்டிருந்தது. அறுபத்தோராவது தாளில் பேனாவை மூடினார்.

"அந்த எட்டுப் பக்கத்த எடுத்து வையும்" என்றார். வைத்தேன். கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். "துறைப் பேரு தெரியுது. அது எங்கன இருக்குன்னு சொல்லுத வார்த்தைதான் பிடிபடல." கொஞ்சம் கழித்து, "அந்தச் சின்னப் புஸ்தகத்துல எத்தன வரின்னு சொன்னீரு?" என்று கேட்டார்.

"முப்பத்துநாலு, அண்ணாச்சி."

"ம். சரியாத்தான் எண்ணியிருக்கீரு."

அதில் கேலி இருந்ததா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். இல்லை என்று நினைக்கும் நாட்களில்தான் அதிகம் வலிக்கிறது. அவர் படத்தில் அந்த ஒரு துறை மட்டும் கடைசிவரை பென்சிலிலேயே இருந்தது.

மாதிரிப் பக்கங்கள் இரண்டையும் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். எனக்கு இப்போது எண்பத்தொன்று. ஒரு கண்ணுக்கு அறுவை முடிந்தது, இன்னொன்றுக்குத் தேதி வாங்கவில்லை. இன்று காலை தடித்த நூலின் தாளை விரித்து, அண்ணாச்சியின் கண்ணாடியை அதன்மேல் பிடித்து வரிகளை எண்ணினேன். நாற்பத்தொன்பது. மறுபடி, ஐம்பத்து நான்கு. மூன்றாம் தடவை பாதியில் வரி தவறிவிட்டது. கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு மற்றத் தாளை எடுத்தேன். கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. ஒரே தடவையில், முப்பத்துநான்கு.