வரப்பில் விழுந்தவள்

என் மகன் பட்டாளத்துக்குத் தேர்வாகிவிட்டான் என்ற சேதி வந்தபோது நான் உப்பு வாரிவிட்டு வந்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஓட்டத்தில் பாஸ், டாக்டர் பரிசோதனையில் பாஸ், பரீட்சையிலும் பாஸ். வரும் திங்கட்கிழமை கிளம்ப வேண்டுமாம். தெருவே வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கியது. நான் சொம்பைத் தரையில் வைத்த சத்தம் மூன்றாம் வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

கூட்டம் போனதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லும்மா, நான் போகல" என்றான்.

அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போயே தீருவேன் என்று அடம்பிடித்திருந்தால் நானும் வாய்க்கு வந்தபடி திட்டி, மூக்கைச் சிந்தி, எப்படியாவது ஒரு வழிக்கு வந்திருப்பேன். இவனோ முடிவைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக நிற்கிறான். நான் வேண்டாம் என்றால் நிஜமாகவே போகமாட்டான், எனக்குத் தெரியும். ஒரே பிள்ளை. அவன் அப்பாவிடம் கேட்டேன். "உன் புள்ள, நீயே சொல்லு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிட்டார். வீட்டில் ஒரு முடிவெடுக்க வேண்டிய நேரம் வந்தால் இந்த மனுஷனுக்கு மட்டும் எங்கிருந்துதான் டீ ஞாபகம் வருமோ!

அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை உருட்டினேன், பெருமூச்சு விட்டேன், அவன் துணியை மடிக்கும்போது அவன் பார்க்கிற மாதிரி கண்ணைத் துடைத்தேன்.

அப்போது அவன் மரக்காணம் கடைத்தெருவில் ஒரு கேம் சென்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி புதுச்சேரியில் இருந்தார். பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் அங்கே ஈ, காக்கை வராது. காலை உப்பள வேலையை முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் போனேன். டிபன் பாக்ஸைக்கூட அவன் தொடவில்லை.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடும்மா. ரயில் டிக்கெட் போடணும்."

"என்னத்தடா சொல்றது? குண்டு பாயற எடத்துக்குப் போடான்னு பெத்தவ சொல்லுவாளா?"

"நீ சினிமா பாத்துட்டுப் பயப்படற. இங்க வா, ஒக்காரு. இந்த கேமு நெசத்துல எப்படியோ அப்படியே பண்ணியிருக்கான். நான் எப்படிப் பதனமா, பாத்துப் பாத்துப் போறேன்னு நீயே கூட வந்து பாரு. அப்புறம் சொல்லு."

எனக்கும் ஒரு எண்ணம் ஓடியது. இவன் என்னதான் செய்வான் பார்த்துவிடலாம். பிழைத்து வெளியே வருகிற புத்தி இவனுக்கு இருக்கிறதா, இல்லையா? அது தெரிந்தால் எனக்குப் பதில் சொல்வது சுலபம். சரிடா என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூலையில், ஃபேனுக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் எனக்கு. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது அவனுக்கு. நடுவில் பிளைவுட் தடுப்பு. என் திரை அவனுக்குத் தெரியாது, அவன் திரை எனக்குத் தெரியாது. கொண்டைக்கு மேலே மைக் வைத்த ஹெட்ஃபோனை மாட்டிவிட்டான். இடது கைக்கு நடக்கிற பட்டன்கள், வலது கைக்கு மவுஸ். உப்பில் வெடித்த விரல், பட்டன் எங்கே இருக்கிறது என்று தடவித் தடவிப் பார்த்தது. கொஞ்ச நேரம் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றினேன்.

"அம்மா, காக்காய ஏன் சுடற?" என்று காதுக்குள் சிரித்தான்.

"வாய மூடுடா. கழுத்தக் கீழ எறக்கறது எப்படின்னு சொல்லு."

சிரிப்பெல்லாம் அதோடு சரி. கீழே பார்த்தேன். எந்த ஊரோ, எந்த நாடோ தெரியாது. தண்ணீர் தேங்கிய பாத்தி பாத்தியாக ஒரு வெளி. நடுநடுவே மண் வரப்பு. ஓரங்களில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அந்தக் கோடியில் ஒரு இடிந்த மோட்டார் கொட்டகை, அதற்கும் அப்பால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அசல் எங்கள் உப்பளம். நாங்கள் இரண்டு பேரும் இந்தக் கரையிலிருந்து அந்தக் கொட்டகைக்குப் போய்ச் சேர வேண்டும். எதிரிகள் கம்ப்யூட்டரே நடத்துகிற ஆட்கள். தொட்டிமேல் ஒருவன் துப்பாக்கியோடு இருப்பானாம்.

"இதுல மேஜிக்கெல்லாம் கெடையாது" என்றான். "ஒரு குண்டு பட்டா விழுந்துடுவ. ரத்தம் போயிட்டே இருக்கும். பேச மட்டும் முடியும். கூட வர்றவன் வந்து கட்டுப் போட்டா பொழைப்ப. யார் விழுந்தாங்கன்னு ஸ்கிரீன்ல எழுத்து கிழுத்து வராது. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். நான் முன்னாடி போறேன், நீ கொஞ்சம் தள்ளிப் பின்னாடி வா. வர்றேன், வர்றேன்னு சொல்லிட்டே வா."

ஓடினால் மூச்சு வாங்கியது. திரையில் ஓடுகிற பொம்மைக்குத்தான் வாங்கியது, ஆனால் என் நெஞ்சும் சேர்ந்து அடித்துக்கொண்டது. காற்று சத்தம், தண்ணீரில் அவன் போகிற சளக் சளக். வேறு ஒன்றும் இல்லை. எங்கிருந்து வரும், எப்போது வரும் என்று தெரியாமல் நடப்பது இருக்கிறதே, அப்பப்பா! உள்ளங்கை நனைந்து மவுஸ் வழுக்கியது.

அவன் பாத்திக்குள் இறங்கிக் குனிந்து போனான். நான் வரப்புமேல் போனேன். யோசித்துச் செய்ததில்லை. உப்பு பிடித்திருக்கிற பாத்தியில் நாங்கள் காலை வைக்கமாட்டோம். வைத்தால் அடியிலிருக்கிற சேறு கலங்கி உப்பு கறுத்துவிடும். நடக்கப் பழகிய காலத்திலிருந்தே வரப்பில் நடந்த கால் இது. அங்கே வெள்ளையைப் பார்த்ததும் தானாக வரப்பில் ஏறிவிட்டது. வெட்டவெளியில், நட்ட கம்பம் மாதிரி நான் நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தேன்.

காதோரமாக விர்ரென்று ஏதோ போனது. அதற்கப்புறம்தான் வெடிச் சத்தமே வந்தது. அடுத்த விர்ரில் வானமும் தண்ணீரும் தலைகீழாகப் புரண்டு திரை மங்கிவிட்டது.

"டேய்! ஐயோ, டேய் தம்பி!" என்று நான் அலறியதில் தெருவில் போன ஆள் எட்டிப் பார்த்தார்.

"இரும்மா, இரு, தோ வந்துட்டேன்!"

முகத்துக்கு நேராக அவன் காலடி தெரிந்தது. குனிந்தான். கட்டுப் போடக் கையை நீட்டினான். அப்படியே என்மேல் சரிந்து விழுந்தான். இரண்டு பேருக்கும் திரை இருண்டுவிட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் சிரித்தான். "நானும் மொத மொதல்ல வரப்புமேல போய்த்தாம்மா செத்தேன். உப்பளத்து ஆளுங்க எல்லாருக்கும் அங்கதான் சாவு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ எதுக்குடா திரும்பி வந்த? பாதி தூரம் தாண்டிட்ட இல்ல?"

"நீ கெடந்தியேம்மா."

"அது பொம்மைடா."

"உன் கொரல் கேட்டுச்சே."

"சரி, நான் இல்ல. வேற எவனோ ஒருத்தன் உன்கூட வந்தவன் கெடக்கறான். என்னா பண்ணுவ?"

கொஞ்சம் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "அவனும் கூப்புடுவான் இல்லம்மா" என்றான்.

என் பதில் அந்த நிமிஷமே தயாராகிவிட்டது. போகக் கூடாது. இவன் பிழைக்கிற ஜாதி இல்லை. குண்டு வருகிற பக்கமே திரும்பி ஓடுகிறவனை எந்தத் தாய் அனுப்புவாள்? சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம் என்றுதான் ஹெட்ஃபோனில் கை வைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. இன்னொரு தடவை போடு என்றேன்.

"இந்தத் தடவ நான் விழுந்தா நீ திரும்பக் கூடாது. பெத்தவ சொல்றேன். கேட்டுச்சா?"

"சரிம்மா."

திரும்பவும் வரப்பு. கால் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! கொஞ்ச தூரம் பாத்தியில் போவேன், என்னை அறியாமல் வரப்பில் ஏறிவிடுவேன். விர்ரென்றது, விழுந்தேன்.

"வராத! டேய், வராத! போ, போயிட்டே இரு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

வந்தான். வந்து, என் காலைப் பிடித்து வரப்புக்குக் கீழே இழுக்கும்போது விழுந்தான்.

"வராதன்னு சொன்னனேடா, பாவி!"

"நீ அப்படிக் கத்தறியே, எப்படிம்மா போறது?" அவன் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

வா என்று கத்தினாலும் வராதே என்று கத்தினாலும் இவனுக்கு ஒன்றுதான். அம்மா கத்துகிறாள், அவ்வளவுதான் இவன் காதில் விழுகிறது. வாரம் முழுக்க நான் பாத்திரத்தை உருட்டியதும், சாப்பிடாமல் கிடந்ததும், கண்ணைத் துடைத்ததும் வேறு என்ன? வீட்டிலும் நான் வரப்பில் விழுந்து கிடந்துதான் கூப்பிட்டேன். அவனும் பாதி வழியில் நின்று என்னையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் வேண்டாம் என்று சொன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான். நாளைக்கு அவனும் என்னோடு உப்பு வாருவான். ஓடி ஓடிப் பழகிய அந்தக் கால் வரப்பிலேயே நடக்கும். ஒரு நாள்கூடக் குறை சொல்லமாட்டான். அதை நினைத்தபோது குண்டைவிட அது பெரிய பயமாக இருந்தது.

கூட இருக்கிறவன் விழுந்தால் இவன் திரும்பத்தான் போவான். அந்தக் குணத்தை நான் பிடுங்க முடியாது. பிடுங்கிவிட்டால் அவன் என் பிள்ளையும் இல்லை. ஆனால் அவனைத் திரும்ப வைக்கிறவள் நானாக இருக்க வேண்டாம்.

"இன்னொரு வாட்டி போடு" என்றேன்.

"போதும்மா. பசங்க வர்ற நேரம்."

"போடுடா."

போட்டான். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திக்குள் இறங்கினேன். உடம்பெல்லாம் கூசியது. வெள்ளை கலங்கிக் கறுத்துக்கொண்டு போவதைப் பார்க்காமல் அவன் முதுகையே பார்த்தேன். குனிந்து, நின்று, தவழ்ந்து. தொட்டி கிட்டே வந்துகொண்டிருந்தது.

"வர்றியாம்மா?"

"வர்றேன்."

பாதிக்கு மேல் வந்துவிட்டோம். இத்தனை தூரம் நான் வந்ததே இல்லை. இங்கே ஒரு உயரமான வரப்பு குறுக்கே கிடந்தது. ஏறித்தான் தாண்ட வேண்டும். அவன் பாம்பு மாதிரி நழுவி அந்தப் பக்கம் விழுந்து போய்க்கொண்டே இருந்தான். நான் பட்டனைத் தேடினேன். தவழ்கிறதற்குப் பதில் நிற்கிறதை அமுக்கிவிட்டேன்.

விர்ரென்றது.

விழுந்த இடத்திலிருந்து அவன் முதுகு தெரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகிக்கொண்டு. திரை ஓரத்தில் சிவப்பு படர்ந்தது. வாயைத் திறந்தால் அலறல் வந்துவிடும். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டேன். மூச்சு விட்டால்கூட மைக்கில் கேட்குமே என்று மூச்சையும் பிடித்தேன்.

"ஏதோ சுட்டான். அம்மா? உனக்கு ஒண்ணும் இல்லையே?"

முந்தானையை எடுத்தேன். "இல்லடா. பின்னாடிதான் வர்றேன். நீ போயிட்டே இரு."

என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது, சாப்பிட வாடா என்று கூப்பிடுகிற மாதிரி. அவன் நம்பினான். போனான். சளக் சளக் சத்தம் தூரமாகிவிட்டது. நடுவில் இன்னொரு தடவை, "வர்றியா?" என்றான். "வர்றேன்" என்றேன். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, திரை தெரியவில்லை. என் பொம்மை எப்போது செத்ததோ தெரியாது.

"அம்மா! வந்துட்டேன்! கொட்டாய்க்கு வந்து சேந்துட்டேம்மா! முடிஞ்சுது!" கத்திக்கொண்டே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "எங்க நீ? இன்னும் வரல?"

தடுப்பைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தான். என் திரை கறுப்பாகக் கிடந்தது. அதைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இறங்கியது.

"எப்போம்மா விழுந்த?"

"அந்தப் பெரிய வரப்புல."

"அப்புறம் வர்றேன் வர்றேன்னு சொன்ன? பொய்யா?"

ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். டிபன் பாக்ஸைத் திறந்து அவன் பக்கம் தள்ளினேன்.

"ஆமாண்டா, பொய்தான். நீ போன் பண்ணும்போதெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லடான்னு இனிமே அதத்தான் சொல்லுவேன். சாப்புட்டுட்டு டிக்கெட் போடு."