உறுமுகிற பக்கம்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. ஒருத்தரிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன்.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், வேலை ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்கிற ஆலையில். சாயங்காலப் பாசஞ்சரில் திரும்புவோம். என் தெருக்காரி, அதே ஆலையில் வேறு பிரிவு, எனக்கு முன்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள். எஞ்சினிலிருந்து மூன்றாவது பெட்டியில் ஏறி, ஜன்னல் கம்பியில் ஒரு துண்டு பேண்டேஜ் துணியைக் கட்டுவாள். அதைப் பார்த்தால் எனக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு கொஞ்ச காலம் வேறு மாதிரி டீசல் வண்டி ஓடியது. தனி எஞ்சின் கிடையாது. டிரைவர் உட்காரும் முகம் இரண்டு நுனியிலும் இருக்கும். எஞ்சின் ஒரு நுனிப் பெட்டிக்குள்ளேயே உறுமும். போகும்போது இழுக்கும், வரும்போது தள்ளும். முதல் நாள் நான் முன்முகத்திலிருந்து எண்ணி ஏறினேன். துணியைக் காணோம். பக்கத்தில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தேன். ஊரில் இறங்கினால், வால் பக்கமிருந்து வருகிறாள்.

"எங்கட்டி போன? ஒனக்கு இடம் போட்டு வச்சு, அம்புட்டுப் பேரு கிட்டயும் ஏச்சு வாங்கிட்டு வாரேன்!" என்றாள்.

"எஞ்சின்ல இருந்து மூணாவதுலதான் இருந்தேன். நீதான் வாலைப் புடிச்சுட்டு வார."

"உறுமுற பக்கந்தாண்டி எஞ்சின். ஒனக்குக் காது அடைச்சுப் போச்சா?"

சிரித்துக்கொண்டே நடந்தோம். தெருமுனையில், "சரிட்டி, நாளைக்கு ஒன் பக்கமே வாரேன்" என்றேன்.

விடியும்போது அவள் உயிரோடு இல்லை. மாரடைப்பு என்றார்கள். அவள் பிள்ளைகள் இரண்டும் என் வீட்டுக்கு வந்தன.

காரியம் முடிந்து வேலைக்குப் போன அன்று சாயங்காலம், சொன்ன சொல்லுக்காக வால் பக்கம் மூன்றாவது பெட்டிக்கு நடந்தேன். ஜன்னல் கம்பியில் துணி கட்டியிருந்தது. அழுக்குப் படாத புதுத் துணி. எங்கள் ஆலைப் பெண்கள் ஒருத்தியும் அந்தப் பெட்டியில் இல்லை. யார் கட்டியது என்று நான் கேட்கவில்லை. அதன் கீழே போய் உட்கார்ந்தேன்.

இப்போது கரண்டு எஞ்சின் முன்னால் நின்று இழுக்கிறது. எது முன், எது பின் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. இருந்தாலும் ராஜபாளையத்தில் மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் நான் வாலிலிருந்து மூன்றாவதில்தான் ஏறுகிறேன். பக்கத்தில் பையை வைக்கிறேன்.

"ஆள் வருதா, ஆச்சி?" என்று கேட்பார்கள்.

"வருது" என்பேன்.

வண்டி கிளம்பியதும் ஆலைத் துணியின் பிளீச்சிங் வாடை வரும். பயமில்லை. நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

ஏட்டி பேத்தி, செத்த நேரம் இங்கன உக்காரு. வாரேன்னு சொன்னேன், வந்துட்டேன்னு சரியா எழுதிருக்கனா, வாசிச்சுக் காட்டு. சத்தமா வாசி, அவளும் கேக்கட்டும்.