பன்னிரண்டில் நின்ற முள்

அந்தக் கைக்கடிகாரத்தை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவருடையது அது. பக்கத்துப் பட்டணமான பகாவில் கடை வைத்திருப்பவர். விளையாட்டுப் போட்டியன்று ஆசிரியர் கைப்பேசியில் நேரம் எடுக்கப் போனார். "அதெல்லாம் வேணாம் சார், இது ரேஸ் கார் ஓட்டுறவன் கட்டுற வாட்ச் லா" என்று தலைவர் தடுத்துவிட்டார்.

பக்கத்தில் நின்ற பாவத்துக்கு நான் விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. பெரிய முகத்துக்குள் மூன்று சின்ன வட்டங்கள். எப்போதும் ஓடும் வினாடி முள் ஒரு சின்ன வட்டத்தில்தான். நடுவிலுள்ள நீண்ட சிவப்பு முள் சும்மா பன்னிரண்டில் நிற்கும். மேல் பொத்தானை அமுக்கினால் உள்ளே ஒரு பல்சக்கரம் நகர்ந்து இன்னொன்றைக் கவ்வும், முள் ஓடும். மறுபடி அமுக்கினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதைப் பன்னிரண்டுக்குத் திருப்பும். தண்ணீர் புகாதிருக்க இரண்டு பொத்தானுக்கும் திருகு. அதைத் தளர்த்தாமல் அமுக்கவே முடியாதாம்.

"தொடாத, உன் கை பிசுபிசுன்னு இருக்கு" என்றார். நான் தொடவே இல்லை.

மாவட்டப் போட்டிக்கு ஒரு பெண்ணுக்குத்தான் இடம். திடல் குறுகல் என்பதால் இரண்டு குழுவாக ஓடவிட்டு, குறைந்த நேரத்தில் ஓடியவளை அனுப்புவதாகப் பேச்சு. முதல் குழுவில் ஒரு பிள்ளை நன்றாக ஓடினாள், ஆசிரியர் அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டார். தூறல் விழுந்ததும் தலைவர் முள்ளைத் திருப்பிவிட்டு, திருகுகளை இறுக்கி மூடினார். அடுத்த குழுவில் என் மகள் முதலாவதாக வந்தாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பு முள் பன்னிரண்டில் நின்றது. அவரோ, முதல் பிள்ளையைவிட அரை வினாடி கூடுதல் என்று அறிவித்தார்.

"தலைவரே, முள்ளு நகரவே இல்ல" என்றேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"ரீசெட் பண்ணிட்டேன்யா. லோரி ஓட்டுறவன் எனக்கு வாட்ச் பாடம் நடத்துறியா?"

"ரெண்டு திருகும் மூடித்தானே இருக்கு. எப்படி அமுக்குனீங்க?"

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆசிரியர் என் மகளை மறுபடி தனியாக ஓடச் சொன்னார். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஓடுறேன் சார். ஆனா முதல்ல ஓடுனவளும் கூட ஓடணும். அந்த வாட்ச் வேணாம்."

இருவரும் சேர்ந்து ஓடினார்கள். இளைப்பாறியிருந்த அந்தப் பிள்ளை ஒரு கை நீளத்தில் ஜெயித்தாள். மகள் அவளுக்குக் கை கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

தலைவர் என்னிடம் வந்தார். "பாத்தியா, நான் சொன்ன டைம் சரிதானே" என்று சிரித்தார்.

இப்போதும் கோயிலில் அவர் எதிரே வந்தால் நான் வணக்கம் சொல்வதில்லை. அவர் சொல்கிறார், நான் கேட்காத மாதிரி நடக்கிறேன்.