பானையில் மிஞ்சிய கல்

காலை 6.10. விழுப்புரம் புதுப் பேருந்து நிலையம். திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து மகளை மடியில் வைத்துக்கொண்டேன். டிக்கெட் நாற்பது ரூபாய். மலருக்கு நாலரை வயது, அவளுக்கு டிக்கெட் கேட்கவில்லை. தூரமும் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். பையில் தண்ணீர், எலுமிச்சை சாதம், மாற்றுத் துணி, பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று எழுதிய துண்டுச் சீட்டு. பஸ் கிளம்புவதற்குள் அந்தச் சீட்டை மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

போகிற இடம் ஒரு காட்டுப் பள்ளி. மூன்றிலிருந்து ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு. கட்டடம் கிடையாது, பெஞ்சு கிடையாது, காலை முழுக்க மரத்தடியில்தானாம். என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கும் ஒரு டீச்சரம்மா சொன்னார். மலர் வீட்டில் வாய் ஓயமாட்டாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. விழுப்புரத்தில் சேர்த்த பள்ளியில் ஏழு மாதம் யாரிடமும் பேசவில்லை. ஒண்ணுக்கு வருகிறது என்றுகூடச் சொல்லாமல் நனைந்த பாவாடையோடு வருவாள். கடைசியில், "பேச வெச்சிட்டுக் கூட்டிக்கினு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கணவருக்குத் திண்டிவனம் அரிசி ஆலையில் வேலை. இந்த இடம் சரிப்பட்டால் அங்கேயே குடி போய்விடலாம் என்கிறார். சரிப்படுமா என்று பார்க்க வேண்டியது நான்.

6.50. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி. பக்கத்தில் மல்லாட்டை மூட்டையோடு ஒரு அம்மா ஏறி உட்கார்ந்தார்.

"பாப்பா பேரு இன்னா?"

மலர் என் தோளில் முகத்தைப் புதைத்தாள். நான் பெயரைச் சொல்லி, போகிற இடத்தையும் சொன்னேன்.

"காட்டுலயா? காசு வாங்கிக்கினு புள்ளைங்கள காட்டுல உடுறாங்களா? எங்க ஊருல நாங்க சும்மாவே உடுறோமே!" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். ஒரு கை வேர்க்கடலையை மலரின் மடியில் போட்டார். அவர் இறங்கியதும் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

7.20. திண்டிவனம். மரக்காணம் சாலையில் பதினோரு கிலோமீட்டர் போக ஆட்டோவுக்கு இருநூற்று ஐம்பது கேட்டார்கள். இருநூற்று இருபதுக்குப் படிந்தது.

"அந்தப் பள்ளிக்கூடமா? திரும்பி வர்றப்ப சீட்டுல பேப்பரு போட்டுத்தாம்மா ஏத்துவேன். அவ்ளோ சேறு" என்றார் டிரைவர்.

"ஆளுங்க எப்படி?"

"நல்லவங்க."

"எப்படித் தெரியும்?"

"எம் பொண்ணு நிவேதா அங்கதான் படிக்குது."

ஆள் பிடித்துக் கொடுத்தால் பீஸில் குறைப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

8.00. ஒரு மூங்கில் கேட். உள்ளே முந்திரி மரங்கள், அவற்றுக்குப் பின்னால் காரையும் களாவும் மண்டிய புதர்க்காடு. செல்வி என்ற பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், காலில் செருப்பு இல்லை. வேலைக்காரி என்று நினைத்து டீச்சரைக் கூப்பிடச் சொன்னேன். "நான்தாங்க" என்றாள். என் சந்தேகம் இரட்டிப்பானது. நான் ஏழாவதோடு நின்றவள். டீச்சர் என்றால் எனக்கு இஸ்திரி போட்ட புடவை, கையில் பிரம்பு. அந்தப் பிரம்புக்குப் பயந்துதான் நின்றேன். ஆனாலும் அது இல்லாத இடத்தில் என்ன படிப்பு வரும்?

கேட்டுக்கு உள்பக்கம் ஒரு மண்பானை, பக்கத்தில் கூழாங்கல் குவியல். காட்டுக்குள் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைப் பானையில் போட வேண்டும். திரும்பி வரும்போது ஆளுக்கொரு கல்லை எடுத்துவிட வேண்டும். கல் மிஞ்சினால் யாரோ இன்னும் உள்ளே இருக்கிறார்கள் என்று அர்த்தம். நிவேதா எனக்கு இதை விளக்கினாள். வயது ஐந்து, முன்பல் இரண்டு இல்லை.

பெற்றோரை மயக்க நல்ல வித்தை என்று பட்டது. நிஜமாகவே எண்ணுகிறார்களா, பார்த்துவிடலாம். என் கல்லோடு இன்னொன்றையும் கைக்குள் மறைத்துப் போட்டேன். மலர் என் முந்தானையைப் பிடித்தபடி நின்று, தன் கல்லைப் போட்டாள்.

பதினாறு பிள்ளைகளும் குச்சியால் தரையைத் தட்டி, "வர்றோம், வழி உடு!" என்று கத்திக்கொண்டு நடந்தார்கள். பாம்புக்கு அறிவிப்பாம்.

9.30. அங்கே நடந்தவற்றைக் கண்டது கண்டபடியே எழுதுகிறேன். நான்கு பிள்ளைகள் வேப்பங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கினார்கள். இரண்டு பேர் சாய்ந்த முந்திரிக் கிளையில் ஏறி பஸ் ஓட்டினார்கள். ஒருவன் எறும்புப் புற்றின் முன் குப்புறப் படுத்தவன் அரை மணி நேரம் எழவே இல்லை, செல்வியும் எழுப்பவில்லை. நிவேதா ஒரு சின்னக் கத்தியால் குச்சியின் பட்டையைச் சீவினாள். நான் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க" என்றாள் செல்வி.

"கைய அறுத்துக்கும்ங்க."

"போன மாசம் அறுத்துக்கிச்சு. இப்ப எப்படிப் புடிக்குதுன்னு பாருங்க."

கத்தி உடம்பை விட்டு வெளிப்பக்கமாகத்தான் போனது. அதற்காக ஒரு குழந்தையின் கை அறுபட வேண்டுமா? இதைக் கேட்கவில்லை, மனதில் குறித்துக்கொண்டேன். மலர் என் முந்தானையை விட்டுவிட்டு அந்தக் கொட்டைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

12.15. சாப்பாட்டுக்காக வெளியே வந்தோம். ஆளுக்கொரு கல் எடுத்தோம். நான் ஒன்றுதான் எடுத்தேன். கடைசியில் நிவேதா பானைக்குள் கையை விட்டு ஒரு கல்லை வெளியே எடுத்தாள். பிள்ளைகள் ஓடிவந்து பானையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

செல்வி தலைகளை எண்ணினாள். மீண்டும் எண்ணினாள். "பசங்க சரியா இருக்காங்க. அப்ப வேற யாரோ உள்ள போயிருக்காங்க" என்றாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். ஓடிப்போய் பக்கத்துக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

தட்டில் கேப்பைக் கூழ் ஊற்றியாகிவிட்டது. ஒரு பிள்ளையும் கை வைக்கவில்லை. எல்லோரும் காட்டோரத்தில் வரிசையாக நின்று கத்தினார்கள்:

"உள்ள யாரு இருக்கீங்க? ஜல்தியா வாங்க! கூழு ஆறுது!"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சந்தேகப்பட்டேன் என்று எப்படிச் சொல்வது? மூடிக்கொண்டேன். குறுக்கே போன விறகு பொறுக்கும் அம்மாவாக இருக்குமோ என்று செல்வி குச்சியோடு தனியாகக் காட்டுக்குள் கிளம்பினாள்.

"யாரும் இல்ல."

மலர்தான். பிள்ளைகள் திரும்பினார்கள்.

"எங்கம்மா ரெண்டு போட்டுச்சு."

என் மகள் வீட்டுக்கு வெளியே பேசிய முதல் வார்த்தைகள் என்மேல் புகார்.

நிவேதா இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏம்மா, உனுக்கு எண்ணவே தெரியாதா? பேஜாரு பண்ணிட்டியே!"

"எங்கம்மாவுக்குத் தெரியும்" என்றாள் மலர் கோபமாக. "சும்மானாச்சும் போட்டுச்சு."

பிள்ளைகள் செல்வியைக் கத்திக் கூப்பிட்டுவிட்டுக் கூழுக்கு ஓடினார்கள். மலரும் ஓடினாள். அவள் பேசியதை யாரும் கைதட்டிக் கொண்டாடவில்லை. அது அதிசயம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். வெட்கமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல வராது.

2.00. கிளம்பும்போது செல்வி கேட் வரை வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"திங்கக்கிழமை பாப்பாவ அனுப்புங்க. ஒரே ஒரு விஷயம். நீங்க கேட்டுக்கு வெளிய இருக்கணும்."

"உள்ள ஒரு ஓரமா..."

"வெளியங்க."

4.30. விழுப்புரம் போகும் பஸ். கண்டக்டர் கன்னத்தைத் தட்டிப் பெயர் கேட்டார். மலர் பழையபடி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் நான் தையல் மிஷின் மிதிக்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருப்பேன். துண்டுத் துணிகளை வைத்து அவள் உள்ளேயே விளையாடுவாள், ரோடு பக்கம் போகமாட்டாள் என்று நிம்மதியாக இருப்பேன். அந்தக் காட்டில் அப்படி ஒரு நிம்மதி எனக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. கத்தி, கிணறு, பாம்பு, செருப்பில்லாத டீச்சர். இப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை என்பதை எழுதிவிட வேண்டும்.

ஆனால் திங்கட்கிழமை போகிறோம். கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. ஒரு டீ வாங்கிக்கொண்டு நான்கு மணி நேரம் அங்கே உட்கார்ந்தால் திட்டுவார்களா என்று திரும்பி வரும்போதே ஆட்டோ டிரைவரிடம் கேட்டேன்.

"உக்காருங்கம்மா. நானும் மொத மாசம் அங்கதான் உக்காந்துக்கினு இருந்தேன்" என்றார்.